கறுப்பு வண்டிக்கு மெழுகு போட்ட காலம்

காந்திபுரத்துக்குப் பக்கம் கணபதியில் எங்கள் லேத் பட்டறைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. தொண்ணூறுகளில் அதற்குள் ஒரு கறுப்பு அம்பாசிடர் மூன்று வருஷம் நின்றது. அதை நான் கழுவினேன், துடைத்தேன், மெழுகு போட்டேன். அதற்காக நான் வாங்கிக் கட்டிக்கொண்ட பேச்சு கொஞ்சநஞ்சமல்ல. "புருசனோட இருக்க வேண்டிய வயசுல காரோட இருக்கறா" என்று ஒறம்பரைக்காரி ஒருத்தி, சொந்தக்காரிதான், என் காதுபடவே சொன்னாள். காது கேளாத மாதிரி இருந்துகொள்ளும் பழக்கம் எனக்கு அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை. "காரு கை நீட்டாதுங்கக்கா" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

அந்த வண்டி என் கல்யாணச் சீர். மாப்பிள்ளை வீடு கோபிப் பக்கம். வயல், வாழை, தென்னை எல்லாம் உண்டு, கார் மட்டும் இல்லை. கார் வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. "உங்க புள்ளைக்கு நீங்க செய்யறது, நாங்க என்னத்தச் சொல்றதுங்க" என்றார்கள். கேட்பதற்கு எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு மரியாதையான முறை இருக்கிறது. அப்பா பம்புசெட்டுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுத்துச் சேர்த்த காசில், நல்ல இன்ஜினாகப் பார்த்து ஒரு பழைய வெள்ளை அம்பாசிடரை வாங்கி வந்தார். "என்ன கலர் அடிக்கட்டும் கண்ணு?" என்று என்னிடம் கேட்டார். அந்தக் கல்யாணத்தில் என்னைக் கேட்டுச் செய்தது அது ஒன்றுதான். கறுப்பு என்றேன். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "நல்ல காரியத்துக்குப் போய் யாராச்சு கறுப்பு சொல்லுவாங்களா?" என்றாள். கேட்டாச்சு, சொல்லியாச்சு, இனி மாற்ற முடியாது என்று அப்பா சொல்லிவிட்டார்.

ஐப்பசி முகூர்த்தம். மழை விட்டபாடில்லை. இரண்டு தெரு தள்ளியிருந்த பெயிண்டிங் பட்டறையில், அடிப்பூச்சு காய்வதற்குள் மேல்பூச்சு, அது காய்வதற்குள் இன்னொன்று என்று அடித்துத் தள்ளினார்கள். கல்யாணத்தன்று காலையில் வண்டியில் முகம் பார்த்துத் தலை வாரலாம். ஆனால் அந்தப் பெயிண்ட்டு கடைசி வரை இறுகவே இல்லை. நகம் பட்டால் கோடு விழும். துணி போட்டு அழுத்தினால் துணியின் நெசவு பதியும். அவசரக் கல்யாணம், அவசரப் பெயிண்ட்டு என்று உங்களுக்கு ஓர் உவமை தோன்றியிருக்கும். தோன்றட்டும். எனக்கு அது பெயிண்ட்டு மட்டும்தான்.

கோபியில் அந்த வண்டியின் முன் சீட்டில்கூட நான் உட்கார்ந்ததில்லை. முன் சீட்டு என் மாமியாருக்கு. சாவி கோபிக்காரரின் இடுப்பில். கல்யாணம் செய்துகொண்டவரை நான் கோபிக்காரர் என்றுதான் சொல்வது. வேறு சொல் வாயில் வரவில்லை. ஒரு தடவை கையை ஓங்கினார். அடுத்த தடவை ஓங்கியதோடு நிற்கவில்லை. அதற்கடுத்த தடவைக்கு நான் அங்கே இல்லை, ஒரு பையோடு பஸ் ஏறிவிட்டேன்.

பெண் திரும்பி வந்தால் சீரும் திரும்ப வேண்டும் என்பது வழக்கம். ஆனால் பேச்சு முடியாமல் எப்படித் திரும்பும்? எங்கள் சாதியில் கல்யாணத்தைக் கையிலெடுத்து நடத்தி வைக்கிற பெரியவரை அருமைக்காரர் என்போம். என் கல்யாணத்தை நடத்தி வைத்தவரே நடுவில் வந்தார். வயசானவர், நாங்கள் அப்பாரு என்று கூப்பிடுவோம். அவர் ஒரு தீர்ப்புச் சொன்னார். "வண்டி புள்ளையோட அப்பன் ஊட்டுல நிக்கட்டும். ஆனா பேசி முடியற வரைக்கும் ரெண்டு பக்கமும் ரோட்டுல எடுக்கப்படாது." அப்பா போய் வண்டியை ஓட்டி வந்து கொட்டகையில் விட்டார். சாவியை ஆணியில் மாட்டினார். கொடுத்த வாக்கு வாக்குதான், அதன்பிறகு ஆஸ்பத்திரிக்குப் போவதானாலும் ஆட்டோதான்.

பேச்சு என்னவோ முடியவில்லை. ஆடி கழியட்டும் என்றார்கள். தை பிறக்கட்டும் என்றார்கள். என்னைத் திருப்பி அனுப்புவதா, உறவை அத்துவிடுவதா என்று யாரும் வாய் திறக்கவில்லை. அம்மாவுக்கு என்னை எப்படியாவது அனுப்பிவிட வேண்டும் என்று ஆசை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாமல் இருந்ததுதான் எனக்குப் பயம். ஏதோ ஒரு நல்ல நாளில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, போய்ட்டு வா கண்ணு என்று சொல்லிவிடுவாரோ என்று ஒவ்வொரு நாளும் பயந்தேன்.

முதல் மழைக்காலத்தில் அம்மா வண்டிக்கு ஒரு தார்ப்பாயைப் போட்டு மூடிவைத்தாள். நல்லெண்ணம்தான். மழை முடிந்து எடுத்துப் பார்த்தால் வண்டியின் கூரை முழுக்கத் தார்ப்பாயின் கட்டம் கட்டமான நெசவு அச்சடித்த மாதிரி பதிந்திருந்தது. புழுக்கத்தில் ஈரம் அடங்கி, பானெட்டில் வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன், வந்தது கோபம். என்னைக் கேட்டு, நான் சொன்ன நிறத்தில் வந்த ஒரே பொருள். அதையும் மூலையில் போட்டு மூடி நாறடிக்கப் பார்க்கிறார்களே என்று இருந்தது. அந்தத் தார்ப்பாயைச் சுருட்டித் தெருவில் எறிந்தேன். அம்மா ஓடிப்போய் எடுத்து வந்தாள், அது வேறு விஷயம்.

காந்திபுரத்தில் ஒரு ஸ்பேர்பார்ட்ஸ் கடைக்குப் போய் கார் மெழுகு கேட்டேன். கடைக்காரர் டப்பாவை எடுத்து வைத்துவிட்டு, "டிரைவர்கிட்டக் குடுத்துருங்கம்மணி, அவருக்குத் தெரியும்" என்றார். "நான்தானுங்க போடறேன்" என்றேன். டப்பாவைத் திரும்ப உள்ளே வைத்துவிடுவாரோ என்கிற மாதிரிப் பார்த்தார்.

போடத் தெரியாமல்தான் போட்டேன். பட்டறையில் எண்ணெய் துடைக்கத் திருப்பூர் பனியன் வேஸ்ட்டு மூட்டையாகக் கிடக்கும். அதில் ஒரு கை அள்ளி, காய்ந்த வண்டியின் மேல் வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். பக்கத்தில் இரும்பு வார்க்கிற பவுண்டரி. அங்கிருந்து பறந்து வந்து படிந்திருந்த மணல்தூசு, பனியன் தையலின் முரட்டு நூல், என் கோபம் மூன்றும் சேர்ந்து கதவு முழுக்க ஜிலேபி சுற்றின. வெயில் பட்டதும் ஒவ்வொரு சுற்றும் தனித்தனியாகத் தெரிந்தது. கறுப்பு எதையும் மறைக்காது. வெள்ளை வண்டியில் ஊர் அழுக்கு ஒளிந்துகொள்ளும், கறுப்பில் ஒரு விரல் பட்டால்கூட யார் விரல் என்று கேட்கலாம். அதனால்தான் எனக்கு அதைப் பிடித்திருந்தது.

அப்புறம் வழிக்கு வந்தேன். முதலில் தண்ணீரை ஊற்ற வேண்டும், கை படக் கூடாது, தூசு தானாக இறங்க வேண்டும். பிறகு இன்னொரு பக்கெட் தண்ணீரில் மெத்தென்ற துணி. பனியன் வேஸ்ட்டில் கழுத்துப் பட்டி, கைமடிப்பு, தையல், ஒட்டியிருக்கிற சீட்டு எல்லாவற்றையும் கத்தரித்து எறிந்துவிட்டு நடுத்துணியை மட்டும் எடுத்து, அதையும் புரட்டி உள்பக்கத்தால் துடைக்க வேண்டும். மெழுகைக் கொஞ்சமாகத் தொட்டு, ஒரு முழ இடத்துக்கு மேல் போகாமல், குழந்தைக்கு எண்ணெய் வைக்கிற மாதிரி அழுத்தாமல் தடவ வேண்டும். அது காய்ந்து, மூச்சு பட்ட கண்ணாடி மாதிரி மங்குகிற பருவத்தில் துடைத்து எடுத்துவிட வேண்டும். வெயிலில் போட்டால் மெழுகு பெயிண்ட்டோடு பெயிண்ட்டாகிவிடும். எல்லாம் கெடுத்துக் கெடுத்துக் கற்றதுதான். கூரையில் பதிந்த தார்ப்பாய்க் கட்டம் முழுசாகப் போகவில்லை. பூத்தது போயிற்று. ஜிலேபிகளும் மெல்ல மெல்ல மங்கின.

மூடுவதற்கு, அப்பா வண்டியை ஓட்டி வந்தபோது டிக்கியில் வந்திருந்த என் சீர்ப் பெட்டியைத் திறந்தேன். சென்னிமலைப் போர்வைகள், பிரிக்காமல் அப்படியே இருந்தன. புதுப் போர்வையில் கஞ்சி இருக்கும், கஞ்சியும் கீறும். ஊறப்போட்டு, அடித்துத் துவைத்து, மறுபடி துவைத்து, துவண்டுபோன பிறகு வண்டிக்குப் போர்த்தினேன்.

"ஏண்டி, சீர்ப் போர்வையக் கொண்டுபோய்க் காருக்குப் போத்தியிருக்கறயே, உனக்குப் புத்தி கித்தி இருக்குதா?" என்று அம்மா கத்தினாள்.

"அது என்ர சீர்தானம்மா? காரும் சீரு, போர்வையும் சீரு. ஒட்டுக்காக் கெடக்கட்டும்."

விபூதியில்தான் எங்களுக்குள் பெரிய சண்டை. ஆயுத பூஜைக்கு அம்மா லேத்துக்குப் பட்டை போட்ட கையோடு பானெட்டிலும் மூன்று விரலால் இழுத்துவிட்டாள். காய்ந்த விபூதி அந்தப் பெயிண்ட்டில் உப்புத்தாள் மாதிரி. குங்குமம் அதைவிட மோசம், ஈரத்தோடு ஒரு ராத்திரி இருந்தால் சிவப்பு உள்ளே இறங்கிவிடும். "சாமி கும்புடக்கூடாதுங்கறயா?" என்றாள். கும்பிடு, டயருக்கும் ஸ்டியரிங்குக்கும் கும்பிடு, பெயிண்ட்டில் கை வைக்காதே என்றேன். சாமி விஷயத்தில் பேரம் பேசுகிற பெண்ணை அவள் அதற்குமுன் பார்த்ததில்லை.

வண்டி ஒரே இடத்தில் நின்றால் டயர் சப்பிப் போகும், பேட்டரி இறங்கும். ரோட்டில் எடுக்கக் கூடாது என்றுதானே தீர்ப்பு? கொட்டகைக்குள் எடுக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. ஆணியில் இருந்த சாவியை எடுத்துப் போய் ஸ்டார்ட் செய்தேன். முதலில் துள்ளித் துள்ளி நின்றது. பிறகு சுவர் வரை முன்னால், கதவு வரை பின்னால் என்று நகர்த்தப் பழகினேன். முதல் நாள் இன்ஜின் சத்தம் கேட்டதும் பட்டறையில் லேத் நின்றது. அப்பா எட்டிப் பார்ப்பார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து லேத் மறுபடி ஓடியது. அவ்வளவுதான்.

இப்படி நான் எனக்காகச் செய்துகொண்டிருந்ததை ஊர் வேறுவிதமாகக் கணக்குப் போட்டுவிட்டது. எங்கள் பக்கத்தில் பெண்ணைப் புருஷன் வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் சீர்ச் சாமான்களைத் தேய்த்துத் துலக்கி வைப்பார்கள். அந்தக் கண்ணோடு பார்த்தால் நான் காரைத் துலக்குவது எப்படித் தெரியும்? ஒரு காதுகுத்து விசேஷத்தில் அம்மாவே வாயை விட்டிருக்கிறாள். "மனசு மாறிருச்சுங்க. வண்டியத் தொடச்சுத் தொடச்சு வெக்கறா. போகோணும்னு ஆசைதான், வாய் உட்டுச் சொல்ல மாட்டீங்கறா." பேச்சு கோபி போய்ச் சேர எத்தனை நேரம் ஆகும்?

தை மாதத்தில் ஒரு நாள் காலையில் வந்துவிட்டார்கள். அருமைக்காரர், கோபிக்காரர், மாமியார். பஸ்ஸில் வந்திருந்தார்கள். திரும்பிப் போகத்தான் வண்டி தயாராக இருக்கிறதே என்ற நம்பிக்கை. அம்மாவுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. அப்பாவுக்கும் தெரிந்திருக்கும். எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

அருமைக்காரர் மோர் குடித்துவிட்டு ஆரம்பித்தார். "நடந்தது நடந்துபோச்சம்மணி. நாலு பாத்தரம் ஒரு எடத்துல இருந்தா முட்டிக்கத்தான் செய்யும்."

"ரெண்டும் முட்டியிருந்தா ரெண்டும் நசுங்கியிருக்கோணுமுங்க அப்பாரு. இதுல ஒண்ணுதானுங்க நசுங்குச்சு" என்றேன்.

"பாத்தீங்களா, வாய" என்றார் மாமியார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் நான் போக வேண்டியிருக்கும். அப்பாவை எதிர்த்து நின்று பழக்கமில்லை எனக்கு.

நல்ல நேரம் போகிறது, வண்டியைப் பார்த்துவிடலாம் என்று கோபிக்காரர் எழுந்தார். எல்லோரும் பின்னால் போனோம். கொட்டகைக் கதவைத் திறந்தால், என் போர்வைகளை உருவி மூலையில் எறிந்திருந்தார்கள். பானெட்டில் முழ நீளத்துக்கு விபூதிப் பட்டை, நடுவில் ஈரச் சந்தனம், அதன்மேல் இரண்டு விரல் அகலத்துக்குக் குங்குமம். முன்னால் மாலை, நாலு டயருக்கடியிலும் எலுமிச்சம்பழம். வழியனுப்புகிற அலங்காரம். அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை.

பக்கெட்டை எடுத்துப் போய்க் குழாயடியில் நிரப்பி வந்து பானெட்டில் ஊற்றினேன். விபூதியும் குங்குமமும் கலந்து பம்பர் வழியாக ஓடித் தரையில் சிவந்து நின்றது.

"அய்யோ, மங்களத்தத் தொடைக்கறாளே!" என்று மாமியார் வாயில் அடித்துக்கொண்டார்.

"இறுகாத பெயிண்ட்டுங்க. கறை புடிச்சுக்கும்" என்றேன். பெரியவர் பக்கம் திரும்பினேன். "அப்பாரு, ஒரு சங்கதி சொல்லிப்போடறேன், கேட்டுக்குங்க. நான் இந்த வண்டியத் தொடச்சது கோபிக்கு வாரதுக்கில்லீங்க. இது என்னுது. என்னுதுங்கறதால தொடச்சேன். வண்டியும் வராது, நானும் வரமாட்டேன்."

அம்மா காலையிலேயே சாவியைக் கோபிக்காரர் கையில் கொடுத்திருந்தாள். அதை அவர் விரலில் சுற்றிக்கொண்டே என் பக்கமாக வந்தார். "உன்னுதா?" என்று சிரித்தார். சாவியின் முனையை முன் கதவில் வைத்தார். அவசரமே இல்லாமல், ஓரத்திலிருந்து ஓரம் வரை இழுத்தார். கறுப்புக்குள்ளிருந்து பழைய வெள்ளை ஒரு கோடாக வெளியே வந்தது. "இப்பச் சொல்லு, ஆருது?" என்றார்.

அவர் கத்தவில்லை, குடித்திருக்கவில்லை, ஆத்திரத்தில் கை தவறவும் இல்லை. நாலு பேர் பார்க்க, சிரித்த முகத்தோடு செய்தார். அம்மா அந்தக் கோட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ஏங்கண்ணு, உன்னையும் இப்பிடித்தான்..." என்றவள் முடிக்கவில்லை. மூன்று வருஷமாக நான் வாயால் சொன்னதை அன்றைக்குத்தான் அவள் கண்ணால் பார்த்தாள். எனக்கு அதில் சந்தோஷம் வரவில்லை. என் வார்த்தைக்கு இல்லாத மதிப்பு ஒரு காரின் கதவுக்கு இருந்ததே என்று பற்றிக்கொண்டுதான் வந்தது. இன்றைக்கும் அந்தக் கோபம் எனக்குத் தீரவில்லை, தீர வேண்டும் என்ற ஆசையும் இல்லை.

அப்பா முன்னால் வந்து கையை நீட்டினார். "சாவியக் குடுங்க."

"மாமா, சும்மா வெளையாட்டுக்கு..."

"குடுங்கன்னனுங்க."

சாவி கைமாறியது. அப்பா அருமைக்காரர் பக்கம் திரும்பினார். "எம்புள்ள வராதுங்க. அத்து உட்டுருங்க" என்றார். மூன்று வருஷத்தில் அவர் அந்த விஷயமாகப் பேசியது அவ்வளவுதான், அது எனக்குப் போதுமாக இருந்தது.

அருமைக்காரர் குனிந்து அந்தக் கீறலைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். "பேச்சு முடிஞ்சுதுங்க" என்றார். கோபிக்காரரும் மாமியாரும் சொல்லிக்கொள்ளாமல் ரோட்டைப் பார்த்து நடந்தார்கள். பெரியவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். கணபதி ஸ்டாப்பில் கோபி பஸ் நிற்பது அவரவர் அதிர்ஷ்டம். நின்றாலும் உட்கார இடம் இருக்காது.

"அப்பாரு, இருங்க. காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுல கொண்டுபோய் உட்டறேன்" என்றேன். "பேசி முடிஞ்சாத்தானுங்க ரோட்டுல எடுக்கோணும்னீங்க? முடிஞ்சுதுல்லீங்க?"

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுக் கொட்டகையின் இன்னொரு கதவையும் திறக்கப் போனார். எலுமிச்சம்பழங்கள் நாலும் நசுங்க, மாலையோடும் கீறலோடும் வண்டி வெளியே வந்தது. லைசென்ஸ் அப்போது இல்லை, பிறகுதான் எடுத்தேன். சத்தி ரோட்டில் பின்னால் வந்த பஸ்ஸெல்லாம் ஹாரன் அடித்தே செத்தன. சைக்கிள்காரர்கள் என்னைத் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்டாப்பில் நின்றிருந்த அந்த இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்களா என்று நான் பார்க்கவில்லை, கண்ணை ரோட்டிலிருந்து எடுக்கிற அளவுக்கு எனக்கு ஓட்டத் தெரியாது. இன்ஜின் கதறக் கதற, ஓர் இடத்திலும் நிற்காமல், பெரியவரைக் கோபி பஸ்ஸுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் நிறுத்தினேன்.

அவர் இறங்கி, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, என் பக்கக் கண்ணாடிக்குக் குனிந்தார். ஏதோ புத்திமதி வரப் போகிறது என்று நானும் பதிலுக்குத் தயாரானேன்.

"அம்மணி, இந்த வண்டியில ரெண்டாவது கியருன்னு ஒண்ணு இருக்குதுன்னு கேள்விப்பட்டிருக்கறேன்."

"இருக்குதுங்க அப்பாரு. உங்கள எறக்கி உட்டுட்டுப் போட்டுக்கலாம்னு இருந்தனுங்க."

பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியே வந்து, வீட்டுப் பக்கம் திரும்பியதும் போட்டேன்.